மழைக்கு முன் எது, மழைக்குப் பின் எது: வன்னியில் உங்கள் முதல் ஆண்டு

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு முதல் நாளிலிருந்தே வேலை குவிந்து கிடக்கும். பற்றை வெட்ட வேண்டும். கிணறு இறைக்க வேண்டும். தங்குவதற்கு ஒரு கொட்டில் போட வேண்டும். மலசலகூடம், வேலி, வயல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய யாராலும் இயலாது. எதை முதலில் செய்வது, எதைப் பிற்போடலாம் என்பதே எங்கள் களப்பணியாளர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி.

வன்னியில் இதற்கு விடை சொல்வது மழைதான். இங்கு ஓராண்டுக்குரிய தண்ணீரில் பெரும்பகுதி ஏறத்தாழ மூன்று மாதங்களில் வந்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதங்களுக்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினால், அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க நேரும். விதைக்காத வயல் தையில் அறுவடை தராது. கட்டு உடைந்த குளம் ஆடியில் தண்ணீர் தராது.

உங்களில் மூத்தவர்களுக்கு இது தெரிந்த விடயம். ஆனால் நலன்புரி நிலையங்களிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், இளவயதில் ஊரைவிட்டுப் போய் இன்று குடும்பத்தலைவராகவோ குடும்பத்தலைவியாகவோ திரும்புவோருக்கும் ஊரின் பருவம் புதிது. தண்ணீர் பவுசரில் வரும் என்று பழகியவர்கள், அது எந்த மாதத்தில் எங்கிருந்து வருகிறது என்பதை இனித்தான் அறிய வேண்டும். அவர்களை மனதிற்கொண்டே இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. மூத்தவர்கள் இதை வாசித்து, தங்கள் ஊருக்குரிய திருத்தங்களைச் சொல்லிக்கொடுத்தால் மேலும் நல்லது.

வன்னி மழை குறைந்த ஊரா?

இலங்கையில் ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதிகளை உலர்வலயம் என்கிறோம். வடமாகாணம் முழுவதும் இதற்குள் அடங்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,400 மில்லிமீற்றர் வரை இருக்கும். மன்னார்க் கரையோரத்தில் அது 1,000 மில்லிமீற்றர் அளவுக்குக் குறையும். மன்னார்ப் பகுதியை வறள்வலயம் என்று தனியாகப் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

ஆயினும் 1,200 மில்லிமீற்றர் என்பது சிறிய அளவல்ல. இலண்டனில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் எந்நாளும் மழை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கு ஓராண்டில் பெய்வது 600 மில்லிமீற்றர் அளவுதான். அதைப்போல இரண்டு மடங்கு மழை கிளிநொச்சியில் பெய்கிறது. வேறுபாடு பெய்யும் முறையில் உள்ளது. அங்கு ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பெய்கிறது. இங்கு ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் ஆண்டு மழையின் அரைப்பங்குக்கும் மேல் கொட்டிவிடுகிறது. வடக்கே போகப் போக இந்தப் பங்கு கூடி, சில இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை வரும். மறுபுறம் யூன், யூலை மாதங்களில் மண் நனையும்படி ஒரு மழைகூடப் பெய்யாமல் போகலாம்.

ஆகவே மாரியில் வெள்ளம், கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் என்ற இரண்டையும் ஒரே ஊர் ஒரே ஆண்டில் காண்கிறது. இரண்டுக்கும் ஆயத்தம் ஒன்றேதான்: வரும் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்துவைப்பதும், பிடிக்க முடியாததை ஆபத்தில்லாமல் ஓடவிடுவதும்.

காற்று திரும்பும் நான்கு காலங்கள்

இலங்கையின் ஆண்டை வானிலை அடிப்படையில் நான்காகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் வன்னிக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம்.

முதலாவது இடைப்பருவக் காலம் மார்ச், ஏப்ரல் மாதங்கள். சூரியன் தலைக்கு நேரே வரும் காலம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழுந்து, பின்னேரத்தில் இடிமின்னலுடன் மழை பெய்யும். ஒரு கிராமத்தில் பெய்யும், அடுத்த கிராமத்தில் பெய்யாது.

இரண்டாவது தென்மேல் பருவக்காற்றுக் காலம். மே நடுப்பகுதி அல்லது கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிக்கும். இதே காற்றுத்தான் கொழும்புக்கும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளுக்கும் பெருமழை தருகிறது. அந்தச் சரிவுகளில் சில இடங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறுகின்றன. மலையேறும்போது காற்று குளிர்ந்து தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். தாழ்ந்து இப்பக்கம் வரும்போது அது உலர்ந்து சூடாகிவிடும். நமக்கு வந்து சேர்வது ஈரமற்ற, புழுதி கிளப்பும் சோளகக் காற்று. கச்சான் காற்று என்றும் சொல்வார்கள். பகல் வெப்பம் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை, சில நாட்களில் அதற்கு மேலும் ஏறும். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அங்கு மழை கொட்டிய அதே மாதங்களில் இங்கு கிணறு வற்றியது.

மூன்றாவது, ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்குரிய இரண்டாவது இடைப்பருவக் காலம். முதலில் பின்னேர இடிமழையாகத் தொடங்கும். பின்னர் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகி, நாட்கணக்கில் விடாமழை தரும்.

நான்காவது வடகீழ் பருவக்காற்றுக் காலம். டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை. டிசெம்பரில் நல்ல மழை, ஜனவரியில் குறைந்த மழை, பெப்ரவரியில் பெரும்பாலும் வெயில். வாடைக்காற்று வீசும். இரவுகள் குளிர்ந்து, விடியற்காலையில் பனி கொட்டும்.

மூன்றாவது, நான்காவது காலங்களின் மழையை நம்பியே காலபோகம் நடக்கிறது. அந்த மழையில் குளத்தில் சேர்ந்த தண்ணீரைக் கொண்டு சிறுபோகம் நடக்கிறது.

நீங்கள் இல்லாதபோது உடைந்தவை

மழை முன்போலவே வந்துகொண்டிருந்தது. ஆனால் அதைப் பிடித்துவைத்த குளக்கட்டும் கிணறும் வாய்க்காலும் பார்ப்பாரின்றிக் கிடந்தன.

வன்னியின் நிலம் தட்டையானது. ஆறுகள் மாரியில் மட்டும் ஓடுகின்றன. இதை அறிந்தே நம் முன்னோர் ஒரு குளத்தின் மிகுதி நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி குளங்களைத் தொடராக அமைத்தார்கள். கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னாரின் கட்டுக்கரைக் குளம் ஆகியவை பெரியவை. இவற்றைத் தவிர ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சிறுகுளமாவது இருக்கும். அந்தச் சிறுகுளத்தில் நீர் நின்றால் அதைச் சூழவுள்ள கிணறுகளிலும் நீர் நிற்கும். குளத்தின் கட்டு உடைந்தால் வயலுக்கு மட்டுமல்ல, உங்கள் வளவுக் கிணற்றுக்கும் இழப்பு.

ஆகவே ஊருக்குத் திரும்பியதும் உங்கள் காணியை மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அயலவர்களுடன் சேர்ந்து குளக்கட்டு, துருசு, கலிங்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பாருங்கள். கட்டில் மரம் முளைத்திருந்தால் அதன் வேர் வழியே நீர் கசியும். விலங்குகள் தோண்டிய வளைகளாலும் கட்டு பலவீனப்படும். கண்டவற்றைக் கமக்காரர் அமைப்பின் ஊடாகக் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். அமைப்பு கலைந்துபோயிருந்தால் அதை மீள உருவாக்குவதே முதல் வேலை. திருத்தம் மழைக்கு முன் முடிய வேண்டுமாயின் விண்ணப்பம் கோடையின் தொடக்கத்திலேயே போக வேண்டும்.

குளக்கட்டு, வாய்க்கால், பற்றை நிலம் ஆகியவற்றில் கால் வைக்குமுன் அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோடை: மே முதல் செப்டெம்பர் வரை

கோடையை வேலையற்ற காலம் என்று எண்ண வேண்டாம். மண்ணோடு செய்யும் வேலைகள் பலவற்றுக்கு இதுவே உகந்த காலம்.

கிணறு. நிலத்தடி நீர் ஆகக் கீழே இருப்பது ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில். கிணறு வெட்டவும் ஆழமாக்கவும் அதுவே நேரம். தையில் வெட்டிய கிணற்றில் பத்தடியில் தண்ணீர் கண்டால் மகிழ்ந்துவிட முடியாது, ஆவணியில் அது வற்றக்கூடும். ஆவணியில் தண்ணீர் தரும் கிணறு ஆண்டு முழுவதும் தரும்.

நெடுங்காலம் கைவிடப்பட்ட கிணற்றில் நீங்களாக இறங்க வேண்டாம். கைவிடப்பட்ட கிணறுகளில் வெடிபொருட்கள் கிடந்திருக்கின்றன. அத்துடன் ஆழத்தில் மூச்சுவிடுவதற்கு ஏற்ற காற்று இல்லாமல் இருக்கலாம். நீர் இறைக்கும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவதால் உயிர்கள் போயிருக்கின்றன. அதன் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கி, உள்ளே இருப்பவரை நிமிடங்களில் மயங்கச் செய்யும். எஞ்சின் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். துப்புரவாக்கிய பின் குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள்.

வீட்டு நிலையம். அத்திவாரம் வெட்டவும், கல் அரிந்து காயவைக்கவும் கோடை நல்லது. மழையில் சீமெந்துப் பையும் மணலும் வீணாகும். செம்மண் பாதைகள் சேறாகிப் பொருள் ஏற்றிவரும் உழவு இயந்திரம் புதையும். ஆனால் கோடையில் எல்லா நிலமும் உயர்ந்த நிலமாகவே தோன்றும். இங்கு எச்சரிக்கை வேண்டும். மார்கழியில் எதுவரை தண்ணீர் நிற்கும் என்று ஊரின் மூத்தவர்களிடம் கேளுங்கள். மரத்தடிகளில் பழைய வெள்ளத்தின் சேற்று அடையாளம் உண்டா, கோரைப்புல் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மடு, மோட்டை, குளம் என்று முடியும் ஊர்ப்பெயர்களும் காணிப்பெயர்களும் வன்னியில் ஏராளம். தண்ணீர் தேங்கும் இடங்கள் என்பதை அப்பெயர்களே சொல்லும்.

மலசலகூடம். குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் அமைக்கப் பாருங்கள். மாரியில் நிலத்தடி நீர் பல அடி மேலே ஏறும் என்பதைக் கணக்கில் எடுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் குழி மாரியில் நீரில் மூழ்கினால், அந்த அசுத்தம் கிணற்றைச் சென்றடையும்.

தண்ணீர்ச் சிக்கனம். வெயில்காலத்தில் திறந்த குளத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும். நூறு நாளில் அது அரை மீற்றர். ஆழமில்லாத சிறுகுளத்துக்கு இது பெரிய இழப்பு. சிறுபோகம் எத்தனை ஏக்கரில் செய்வது என்று போகத்துக்கு முன் கூட்டம் வைத்துத் தீர்மானிப்பது இதனால்தான். தீர்மானிக்கப்பட்ட அளவை மீறி ஒருவர் விதைத்தால் எல்லோருடைய பயிரும் கதிர்விடும் நேரத்தில் காய நேரிடும். திரும்பிவந்த முதலாண்டில் அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். உங்கள் காணியின் பங்கு அங்கேதான் பதிவாகிறது.

நெருப்பு. பற்றையைத் தீவைத்துத் துப்புரவாக்கும் வழக்கத்தை இப்போது கைவிடுங்கள். மண்ணில் புதைந்து கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். சோளகக் காற்றில் தீ அயலவரின் ஓலைக் கூரைக்கும் பரவும். குப்பையைக்கூட அறியாத நிலத்தில் எரிக்க வேண்டாம்.

வெயிலில் வேலை. கடின வேலையை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும்.

கரையோரக் குடும்பங்களின் கணக்கு வேறு. முல்லைத்தீவுக் கடல் கோடையில் அமைதியாக இருக்கும். வாடி அமைத்துத் தொழில் செய்வோர் வருவதும் அப்போதுதான். வாடைக்காற்று தொடங்கினால் அங்கு கடல் கொந்தளிக்கும். மன்னாரில் சோளகக் காலத்தில்தான் கடல் கடுமை. வள்ளமும் வலையும் பெறுவதற்கான விண்ணப்பத்தை உங்கள் பக்கத்துக் கடலின் பருவத்துக்கு முன்பே கொடுங்கள்.

புரட்டாதி: ஆயத்த மாதம்

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையான இந்த ஒரு மாதமே ஆண்டின் விலைமதிப்புள்ள மாதம். இம்மாதத்தில் முடித்துவைக்க வேண்டியவை:

கூரையை இறுகக் கட்டுங்கள். தறப்பாள் வெயிலில் உக்கியிருக்கும். கிழிசல் சிறிதானாலும் காற்று அதைப் பெரிதாக்கும். தகரத்தை ஆணியால் மட்டும் நம்பாமல் கம்பியாலும் கட்டுங்கள். கிடுகு, பனையோலைக் கூரையைப் புதிதாக வேய்ந்துகொள்ளுங்கள். கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைக் கொட்டிலின் பக்கமாக அணையுங்கள்.

கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் மண்ணாலோ கல்லாலோ சுற்றி உயர்த்துங்கள். வெள்ளநீர் உள்ளே இறங்காதிருக்கவும், நிலமட்டத்தில் திறந்திருக்கும் கிணற்றில் பிள்ளைகள் தவறி விழாதிருக்கவும் இது அவசியம்.

விதையும் உரமும் மழைக்கு முன் கையில் இருக்க வேண்டும். உர மானியத்துக்குக் காணி ஆவணம் கேட்கப்படும். ஆவணம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் அதற்குரிய கடிதத்தைப் பெற நாட்கள் எடுக்கும். இதை ஓகஸ்டிலேயே தொடங்குங்கள்.

விறகு, உலர் உணவு, தீப்பெட்டி, மருந்து ஆகியவற்றைச் சிறிதளவு சேமியுங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, காணி உறுதி ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் இறுகக் கட்டி வையுங்கள். இடம்பெயர்வில் காப்பாற்றிய பத்திரம் ஒழுகும் கூரையால் அழிந்துபோக விடக்கூடாது.

மாரி: ஒக்டோபர் முதல் ஜனவரி வரை

மானாவாரி வயலில் புழுதியில் விதைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. முதல் மழையின் முழுப்பயனும் அதில் கிடைக்கும். ஆனால் ஓரிரு தூறலில் முளைத்த பின் இரண்டு வாரம் வெயில் எறித்தால் முளை கருகிவிடும். கையில் ஒரே ஒரு விதைநெல் மூடையே உள்ள குடும்பம் அதை முழுவதும் ஒரே நாளில் விதைக்காமல் இருப்பது பாதுகாப்பு. மழை பிந்திய ஆண்டில் 3½ மாத நெல்லுக்குப் பதிலாக 3 மாத நெல்லை விதைக்கலாமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மேட்டுநிலத்தில் உழுந்து, பயறு, கௌபி, சோளம், நிலக்கடலை ஆகியவற்றுக்கும் இதுவே பருவம். வேலிக் கதியால், பழமரக் கன்று, பனம்விதை ஆகியவற்றை இப்போது நட்டால் தண்ணீர் ஊற்றாமலே வேர்பிடிக்கும். பங்குனியில் நட்டால் ஆடி வரை வாளி சுமக்க வேண்டும்.

சூறாவளி அடிக்கும் காலமும் இதுவே. 1964 டிசெம்பரில் மன்னாரையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பையும், 2000 டிசெம்பரில் திருகோணமலையையும் சூறாவளி தாக்கியது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தைத் தறப்பாளின் கீழ் அனுபவித்த குடும்பங்கள் உங்களிடையே இருக்கும். எல்லாமே நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நடந்தவை. இந்த இரு மாதங்களிலும் வானொலிச் செய்தியை நாள்தோறும் கேளுங்கள். தாழமுக்கம் என்ற சொல் வந்தால் எந்தப் பாடசாலை அல்லது கோயில் கட்டடத்துக்குப் போவது, முதியவரை யார் தூக்குவது, மாட்டை எங்கே கட்டுவது என்று அன்றே பேசி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117.

உங்கள் ஊரில் மழை விட்டுவிட்டாலும் வெள்ளம் வரலாம். மன்னாருக்கு வரும் அருவியாறு அநுராதபுரப் பக்கத்து மழையைச் சுமந்துவருகிறது. பெரிய குளங்களின் வான்கதவு திறக்கப்பட்டால் கீழேயுள்ள கிராமங்களுக்குச் சில மணிநேரத்தில் தண்ணீர் வந்துசேரும். பாலத்துக்கு மேல் ஓடும் நீர் முழங்காலளவுதான் என்று இறங்க வேண்டாம்.

வெள்ளம் வடிந்த பின் இன்னொரு ஆபத்து உண்டு. ஓடும் நீர் மண்ணை அரித்து, புதைந்திருந்த மிதிவெடிகளையும் வெடிக்காத வெடிபொருட்களையும் வெளியே கொண்டுவரும், வேறிடத்துக்கும் நகர்த்தும். கடந்த மாதம் நடந்த பாதை என்பதால் இன்று பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு மாரியிலும் சொல்ல வேண்டும்.

நோய்களுக்கும் பருவம் உண்டு. மழைநீர் தேங்கும் சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர் ஆகியவற்றில் டெங்கு நுளம்பு பெருகும். காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி கொடுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வயல் சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுங்கள். பாம்புகள் மேட்டிடம் தேடிக் கொட்டிலுக்குள் வரும். தரையில் படுக்காமல் கட்டிலிலோ பலகைத்தட்டிலோ நுளம்பு வலைக்குள் உறங்குவது நல்லது.

கூரையில் விழும் தண்ணீர்

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 20 அடிக்கு 20 அடி தகரக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீற்றர். ஒரு மாதத்தில் 250 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையில் விழுவது 9,250 லீற்றர். சிதறுவதும் முதலில் கழுவிவிடுவதும் போக, ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 7,400 லீற்றர்.

5,000 லீற்றர் தாங்கி ஒன்று இருந்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால் அது 200 நாளுக்குப் போதும். தைப்பொங்கலன்று நிறைந்திருக்கும் தாங்கி ஆடி நடுப்பகுதி வரை வரும். கிணறு உவராகும் இடங்களில் இது பெரிய ஆறுதல். நீண்ட கோடைக்குப் பிறகு வரும் முதல் மழைநீரைப் பிடிக்காமல் கூரையைக் கழுவ விடுங்கள். தாங்கியின் வாயை நுளம்பு புகாத வலையால் மூடுங்கள். தாங்கி இல்லாதவர்களும் ஒரு பீலியும் மூடியுள்ள பீப்பாவும் வைத்தால், மழை பெய்யும் மாதங்களில் கிணற்றுக்கு நடக்கும் தூரத்தை மிச்சப்படுத்தலாம்.

எந்த மாதத்தில் திரும்புகிறீர்கள்?

திரும்பும் திகதியை எல்லா நேரமும் நீங்களே தெரிவுசெய்ய முடியாது. ஆனால் வந்திறங்கும் மாதத்துக்கு ஏற்ப வேலையின் ஒழுங்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருவோர்: காலபோகம் உங்களுக்குத் தப்பிவிட்டது. அறுவடைக் கூலிவேலை இப்போது கிடைக்கும். வெள்ளம் எதுவரை வந்தது என்பதைக் கண்ணால் பார்த்து வீட்டு நிலையத்தை முடிவுசெய்யலாம். மார்ச், ஏப்ரல் மழையில் மேட்டுநிலத்தில் எள்ளு விதைக்கலாம். இடிமின்னல் வேளையில் வெளி வயலிலும் தனிமரத்தின் கீழும் நிற்க வேண்டாம்.

மே முதல் ஓகஸ்ட் வரை வருவோர்: முதல் வேலை குடிநீர். அடுத்தது கிணறு, மலசலகூடம், குளக்கட்டு, அத்திவாரம். பயிர்ச்செய்கையைப் பற்றி அவசரப்படாமல் காலபோகத்துக்கான ஆவணங்களைச் சேருங்கள்.

செப்டெம்பர், ஒக்டோபரில் வருவோர்: கல்வீட்டு வேலையைத் தொடங்காதீர்கள். ஒழுகாத கொட்டிலும் உழுத நிலமும் போதும். முழு வயலையும் துப்புரவாக்க முடியாவிட்டால் அரை ஏக்கரையாவது விதையுங்கள். தையில் கிடைக்கும் நெல் உணவாகவும் அடுத்த போகத்தின் விதையாகவும் உதவும்.

நவம்பர், டிசெம்பரில் வருவோர்: உயர்ந்த இடத்தில் தங்குமிடமும் சுத்தமான குடிநீருமே முதன்மை. கொட்டில் போடும் வரை உறவினருடனோ பொதுக் கட்டடத்திலோ தங்க முடியுமாயின் தயங்காதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கத்தரி, மிளகாய், வெண்டி, கீரை போட்டால் மாசியில் சந்தைக்குப் போகும்.

எல்லா ஆண்டும் ஒரே மாதிரி அமையாது. மழை பிந்தும், முந்தும், சில ஆண்டுகளில் பொய்க்கும். ஆகவே இங்கு சொன்ன மாதங்களை வழிகாட்டியாகக் கொண்டு, கமநல சேவை நிலையத்திலும் ஊரின் மூத்த கமக்காரரிடமும் அந்தந்த ஆண்டின் நிலைமையைக் கேட்டறியுங்கள். ஒரு பழைய கலண்டரை எடுத்து, முதல் மழை என்று வந்தது, கிணற்று நீர் எத்தனை முழக் கயிற்றில் நின்றது, குளம் என்று வான் பாய்ந்தது, என்று வற்றியது என்பவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு குறித்துவரச் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டு எந்த வேலையை எப்போது தொடங்குவது என்பதை அந்தக் கலண்டரைப் பார்த்தே நீங்கள் தீர்மானிக்கலாம்.